நாற்காலி கொடுத்தாச்சு, ராஜினாமாக் கடிதத்தை யார் எழுதுவது?

கரிசல்காட்டுக்காரி
நவம்பர் 25, காலை 7:42

இன்று பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். பொழுது விடிந்ததிலிருந்து வாட்ஸப்பில் ஆரஞ்சு நிறப் படங்களாக வந்து விழுகிறது. "பெண்ணைப் போற்றுவோம்" என்று அனுப்பியவர்களில் இரண்டு பேர் வீட்டில் கை நீட்டுகிறவர்கள் என்பது எனக்கே தெரியும். அது கிடக்கட்டும்.

இந்தத் தேதி எதற்காக என்று மட்டும் யாரும் போடுவதில்லை. டொமினிக்கன் குடியரசில் த்ருஹீயோ என்ற சர்வாதிகாரியை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூன்று பேர், சிறையிலிருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வழிமறித்துக் கொல்லப்பட்ட நாள் இது. 1960. கூட வந்த ஓட்டுநரையும் விடவில்லை. உடல்களை ஜீப்பில் போட்டுப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, விபத்து என்று கணக்கை முடித்தார்கள். அரசியலுக்கு வந்த பெண்களைக் கொன்ற நாளை நாம் குடிகாரப் புருஷன் கதையாக மட்டும் சுருக்கி வைத்திருக்கிறோம்.

நான் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவள். ஒரு வகுப்புக்காக பொலிவியா பற்றிப் படிக்கப் போய் அதிலேயே விழுந்துவிட்டேன். அங்கே 1997-ல் வேட்பாளர் பட்டியலில் 30 விழுக்காடு பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1999 உள்ளாட்சித் தேர்தலில் கட்சிகள் என்ன செய்தன தெரியுமா? ஹுவான் என்ற ஆணை ஹுவானா என்று எழுதிப் பட்டியலைக் கொடுத்தார்கள். நம்ம ஊரில் செல்வத்தைச் செல்வி ஆக்கின மாதிரி. பிடிபட்டுச் சிரிப்பாய்ச் சிரித்தது.

பிறகு 2009 அரசியலமைப்பும் 2010 தேர்தல் சட்டமும் சரிபாதி என்றன. இனிப் பெயரை மாற்றித் தப்ப முடியாது. ஆனால் அங்கே ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. இவர் விலகினால் அவர் உட்காரலாம். பெண் உறுப்பினருக்கு மாற்று ஓர் ஆண். வழி கிடைத்துவிட்டதா? ஜெயிக்கும் வரை அவள், ஜெயித்த பிறகு ராஜினாமா. "பாதிக் காலம் நீ, மீதிக் காலம் அவன்" என்று முன்கூட்டியே பேசி வைப்பதும் சகஜம். மறுத்தால் சம்பளம் நிற்கும், கூட்ட அறையில் விட மாட்டார்கள், அடி விழும்.

அங்கோராய்மஸ் என்ற ஊரில் ஹுவானா கிஸ்பே என்று ஓர் ஐமாரா இனப் பெண் உறுப்பினர். 2010-ல் தேர்வானவர். விலகச் சொல்லி ஓயாத நெருக்கடி. கூட்டத்துக்குப் போனால் உள்ளே விடவில்லை. அவர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். 2012 மார்ச்சில் லா பாஸ் நகரத்து ஆற்றங்கரையில் அவர் உடல் கிடந்தது.

அந்த நாட்டுப் பெண் கவுன்சிலர்களின் சங்கம் இப்படிப்பட்ட புகார்களை வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, சட்டம் வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தது. மசோதா கிடப்பிலேயே கிடந்தது. ஹுவானா செத்த மூன்றாம் மாதம், 2012 மே 28-ல், 243-ஆம் எண் சட்டம் வந்தது. பெண் அரசியல்வாதியைத் துன்புறுத்தினால் 2 முதல் 5 ஆண்டு, வன்முறை என்றால் 3 முதல் 8 ஆண்டு சிறை. இதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒரு பிரிவு. பெண் பிரதிநிதி ராஜினாமா செய்வதென்றால் அவரே நேரில் தேர்தல் ஆணையத்துக்குப் போய்க் கொடுக்க வேண்டும். யாரோ தபாலில் அனுப்பின தாள், மேயர் மேசையில் இருந்த தாள் எதுவும் செல்லாது.

நம்ம ஊருக்கு இப்படி ஒரு பிரிவு வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சந்தேகராமன்
நவம்பர் 25, காலை 9:15

பொலிவியா எல்லாம் சரி. இங்கே பிரச்சினையே வேற. 2016-ல சட்டம் திருத்தி உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்குக் கொடுத்தாச்சு. கொடுத்து என்ன ஆச்சு? பெயர்ப்பலகையில அம்மா பேரு, நாற்காலியில அய்யா. ஃபிளெக்ஸ்ல அந்தம்மா படம் தபால்தலை சைஸ், வீட்டுக்காரர் படம் ஆளுயரம். மிரட்டி ராஜினாமா வாங்கணும்னு எவனுக்கும் அவசியமே இல்ல.

2023-ல நாடாளுமன்றத்துக்கும் 33 விழுக்காடு சட்டம் நிறைவேத்தினாங்க. கணக்கெடுப்பு முடியணும், தொகுதி மறுவரையறை முடியணும், அப்புறம்தான்னு அதுலயே எழுதி வெச்சிருக்கு. தேதி போடாத காசோலை.

வைகைக்கரையான்
நவம்பர் 25, காலை 11:03

சந்தேகராமன் தம்பி, மிரட்டி ராஜினாமா வாங்குவதை எங்கள் மதுரை மாவட்டம் பத்து வருடம் கண்ணால் பார்த்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர்ப் பக்கம் கொட்டகச்சியேந்தல். 1996-ல் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஒன்று, யாரும் மனுத் தாக்கல் செய்ய முடியாது. செய்து ஜெயித்தால், பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு விலகல் கடிதம். தேர்தல் நடந்தது என்று கணக்கு, தலைவர் இல்லை என்றும் கணக்கு. 2006-ல்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் உட்கார்ந்தார்கள். அது பெண் ஒதுக்கீடு அல்ல, சாதி. ஆனாலும் கருவி அதே ஒரு தாள்தான். பொலிவியாக் கதையைப் படித்ததும் எனக்கு உசிலம்பட்டி ரோடுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வில்லாபுரம் லீலாவதி. 1996 மாநகராட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியில் நின்று ஜெயித்த கவுன்சிலர். அப்போது அந்தப் பகுதியில் தண்ணீர் என்பது காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. விற்றவர்களுக்கு நல்ல வரும்படி. அந்த அம்மா குழாயில் தண்ணீர் கொண்டுவரப் பாடுபட்டார். 1997 ஏப்ரல் 23-ம் தேதி பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், வெட்டிக் கொன்றார்கள். ஜெயித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் அப்போது கீரைத்துறையில் குடியிருந்தேன். சேதி வந்ததும் கடைகள் மளமளவென்று ஷட்டர் இறங்கின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பெயருக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் வெட்டுவதில்லை. தண்ணீர் விற்கிறவன் வரும்படியில் கை வைத்தால்தான் அரிவாள் வரும்.

எண்ணெழுத்து
நவம்பர் 25, மதியம் 12:20

ஒரு கணக்கு மட்டும். நாடாளுமன்றங்களின் உலக ஒன்றியம் 2016-ல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் எம்.பி.க்களிடம் கேட்டது. 81.8 விழுக்காட்டினர் மனரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். கொலை, வல்லுறவு, அடி, கடத்தல் என்று ஏதாவது ஒரு மிரட்டல் வந்தது 44 விழுக்காட்டினருக்கு. 55 பேர் என்பது சின்ன மாதிரி, அதை வைத்து உலகத்தை அளக்கக் கூடாது. ஆனால் இவர்கள் எம்.பி.க்கள். காவலும் காரும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி.

முன்னாள்தலைவி
நவம்பர் 25, இரவு 10:48

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருசமா படிக்கிறதோட சரி, எழுதினதில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. ஊர் பேர் சொல்ல மாட்டேன்.

2019 டிசம்பர்ல எங்க ஊராட்சித் தலைவர் பதவி பெண்கள் பொதுன்னு வந்துச்சு. என் சின்னம் பூட்டு சாவி. 2020 ஜனவரி 6-ல பதவி ஏத்தேன்.

சந்தேகராமன் அண்ணன் சொன்ன மாதிரி முதல் ஆறு மாசம் எங்க வீட்டுக்காரர்தான் தலைவர். நான் மறுக்கல. அவருக்குத்தான் பி.டி.ஓ. ஆபீஸ்ல டீ வரும். நான் காட்டுன இடத்துல கையெழுத்துப் போடுவேன். டிஜிட்டல் கையெழுத்துக்கு பென் டிரைவ் மாதிரி ஒண்ணு தருவாங்க, அது என் கையில ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் பைக் சாவியோட கோத்துத் தொங்கும்.

மாறினது மோட்டார் எரிஞ்ச அன்னைக்கு. மேட்டுத்தெரு போர் மோட்டார் காயில் போச்சு. கோடை. கழட்டி காயில் கட்டக் கொடுத்தாச்சு, ரூபாய் கொடுக்கணும். ஊராட்சிக் கணக்குல பணம் எடுக்கணும்னா தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். துணைத் தலைவர் போடல. மாட்டேன்னும் சொல்லல, அதுதான் கெட்டிக்காரத்தனம். போன் போட்டா கல்யாண வீட்ல இருக்கேன்பார். அடுத்த நாள் பேத்திக்கு மொட்டை. அதுக்கு அடுத்த நாள் செக்கைப் படிச்சுப் பார்க்கணும்பார். பத்தொம்பது நாள். டேங்க் ஆபரேட்டர் சம்பளமும் அதுல மாட்டிக்கிச்சு.

பொம்பளைங்க குடத்தோட யார் வீட்டு வாசலுக்கு வந்தாங்கன்னு நினைக்கிறீங்க? என் வீட்டுக்குத்தான். துணைத் தலைவர் வீட்டுத் திண்ணையில மோர் குடிச்சுட்டு வந்து என்னைத் திட்டினாங்க. "ஒரு பொட்டச்சிய உக்கார வச்சா இப்படித்தான்"னு சொன்னதும் ஒரு பொம்பளதான். எங்க வீட்டுக்காரரைக் கேட்டா அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டார்.

அன்னைக்கு சாயங்காலம் கம்மலை அடகு வச்சு மோட்டாரை மீட்டேன். அப்புறம் பைக் சாவியிலேர்ந்து அந்த பென் டிரைவைக் கழட்டி எடுத்தேன். அதுக்கு ராத்திரி அடி விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி பன்னெண்டு வருசக் குடும்பத்துல ரெண்டு தடவைதான் அடிச்சிருந்தார். தலைவர் ஆனதுக்கப்புறம் எத்தனைன்னு எண்ணல.

இன்னும் இருக்கு. நாளைக்கு எழுதுறேன். அவர் முழிச்சுட்டார்.

கரிசல்காட்டுக்காரி
நவம்பர் 25, இரவு 11:10

அக்கா, நிதானமாக எழுதுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. ஆபத்து என்று தோன்றினால் 181-க்குப் போன் போடுங்கள், எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.

சந்தேகராமன்
நவம்பர் 26, காலை 8:30

அக்கா எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரல. நேத்து நான் ஃபிளெக்ஸ் ஜோக் அடிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க.

ஆனா ஒரு சந்தேகத்தைக் கேட்காம இருக்க முடியல, பேரே அப்படி வெச்சுத் தொலைச்சிட்டேன். பெண்கள் பதவிக்கு வந்தா பெண்கள் மேல நடக்கிற வன்முறை குறையும்ங்கிறோம். பஞ்சாயத்து ஒதுக்கீடு வந்து முப்பது வருஷம். போலீஸ் கணக்குல குற்றம் ஏறிக்கிட்டேதானே போகுது?

எண்ணெழுத்து
நவம்பர் 26, காலை 10:05

ஏறத்தான் செய்தது. அதைப் பற்றியே ஓர் ஆய்வு 2012-ல் வந்தது. பஞ்சாயத்து ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு வருடத்தில் ஒதுக்கீட்டோடு தேர்தல் நடத்தியதால், முன்னே பின்னே ஒப்பிட வசதியாக இருந்தது. பெண் பிரதிநிதிகள் வந்த பிறகு, பெண்களுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் பெரிய அளவில் கூடின.

இங்கேயே நிறுத்தினால் உங்கள் கட்சி ஜெயித்தது. ஆனால் பெண்கள் சம்பந்தப்படாத மற்றக் குற்றங்களின் பதிவு அப்படி ஏறவில்லை. ஊரே கெட்டுப்போயிருந்தால் திருட்டும் கூடியிருக்க வேண்டுமே? ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த முடிவு: கூடினது பெரும்பாலும் அடி அல்ல, புகார். முன்பு வாசலைத் தாண்டாதது இப்போது ஸ்டேஷன் வரை போகிறது, ஸ்டேஷனும் எழுதுகிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதோடு எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். பதிவான குற்றம் இன்னும் பல மடங்கு ஏறினாலும் நான் பயப்பட மாட்டேன்.

நல்லூராள்
நவம்பர் 26, பிற்பகல் 3:37

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். லீலாவதி அம்மாவைப் பற்றி வாசிக்க எங்கட சரோஜினி யோகேஸ்வரன் நினைவுக்கு வந்தா. 1998 ஜனவரியில நடந்த மாநகரசபைத் தேர்தலில வந்த முதல் பெண் மேயர். புருசனையும் 1989-ல சுட்டுப் போட்டினம், அவரும் அரசியல்தான். மே 17, வீட்டுக்கை வைச்சே அவவையும் சுட்டவை. மேயராகி நாலு மாசம்கூட முழுசா இல்லை. அந்த நேரம் நான் ஏழாம் வகுப்பு. அம்மா என்னை மடியில வைச்சுக்கொண்டு, "நீ படிச்சு டொக்டராகு பிள்ளை, மேயராக வேண்டாம்" எண்டு சொன்னவ. டொக்டரும் ஆகேல்லை, அது வேற கதை.

இப்ப துவக்கு இல்லை. 2018-ல உள்ளூராட்சித் தேர்தலுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தது. இரண்டு வீதத்துக்குக் கீழ இருந்த பெண்கள் ஒரே தேர்தலில இருபதைத் தாண்டிச்சினம். அதில கனபேர் மேலதிகப் பட்டியலால, அதாவது வட்டாரத்தில வெல்லாமல் கட்சி நியமிச்சு, வந்தவை. சபையில எழும்பிக் கதைச்சால், "நீ சனம் வோட்டுப் போட்டு வந்தவளோ, லிஸ்ற்றில வந்தவளோ" எண்டு கேக்கிறது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா நாலு வருசமும் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கடைசியில வாயைத் திறக்கிறதையே விட்டிட்டா. ஃபேஸ்புக்கில போடுற படங்களைப் பற்றி இஞ்ச எழுத விரும்பேல்லை.

வைகைக்கரையான்
நவம்பர் 26, மாலை 6:15

மகளே, "மேயராக வேண்டாம்" என்று உங்கள் அம்மா சொன்னாரே, சுட்டவன் குறிவைத்தது அதையும் சேர்த்துத்தான்.

முன்னாள்தலைவி
நவம்பர் 26, இரவு 9:30

வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார். மிச்சத்தையும் எழுதிடறேன்.

நான் அடி வாங்கினது தெருவுக்குத் தெரியும். மறைக்க முடியாது, ஓட்டு வீடு. மறுநாள் மூஞ்சி வீங்கித்தான் ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். அதுக்கப்புறம் ஒண்ணு நடந்துச்சு. பொம்பளைங்க ராத்திரியில என்னைத் தேடி வர ஆரம்பிச்சாங்க. முதல்ல வந்தது குடத்தோட வந்து என்னைப் பொட்டச்சின்னு சொன்னவளேதான். மண்டை உடைஞ்சு வந்தா.

மகளிர் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க இருந்த அம்மா என்னைப் பார்த்துட்டு, "நீங்க எதுக்கும்மா அலையறீங்க, உங்க வீட்டுக்காரரை அனுப்புங்க, பேசி முடிச்சிரலாம்"னாங்க. நான் ஊராட்சி லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் எடுத்துட்டுப் போயிருந்தேன். அங்கேயே பெஞ்சுல உக்காந்து எழுதி, சீல் குத்திக் கொடுத்து, புகாரை வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தாத்தான் எந்திரிப்பேன்னு உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரம். கொடுத்துட்டாங்க. எண்ணெழுத்து சார் சொன்ன கணக்குல எங்க ஊர்லேர்ந்து அஞ்சு இருக்கும்.

இப்ப ராஜினாமா விஷயம். கரிசல்காட்டம்மா கேட்ட பொலிவியா சட்டம் எனக்கு உதவியிருக்காது. ஏன்னா நான் கையெழுத்துப் போட்டது பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி. ஊர்க்கூட்டத்துல என்னை நிறுத்தறதுன்னு பேசினப்பவே ஒரு வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டாங்க. மேல ஒண்ணும் எழுதல, கீழ மட்டும் என் கையெழுத்து. ஊர்ச்சொல்லை மீறினா மேல எழுதிக்குவாங்களாம். மோட்டார் விவகாரத்துக்கப்புறம் மூணு தடவை அந்தத் தாளை ஞாபகப்படுத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுத்தேன். தெருவிளக்கு டெண்டர், ஒரு வேலை அட்டை, கண்மாய்க்கரை மரம்.

கரிசல்காட்டுக்காரி
நவம்பர் 27, காலை 6:50

அக்கா, உதவியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நேரில் போய்ச் சொன்னால்தான் ராஜினாமா என்று சட்டம் இருந்திருந்தால், அந்த வெள்ளைத்தாள் வெறும் தாள். அதைக் காட்டி மிரட்டியிருக்கவே முடியாது. பொலிவியாவில் 2019 நவம்பர் கலவரத்தில் விந்தோ ஊர் மேயர் பத்ரிஸியா ஆர்ஸேயைக் கும்பல் வெறுங்காலோடு தெருவில் இழுத்து வந்து, முடியை வெட்டி, சிவப்புச் சாயத்தை ஊற்றி, கடைசியில் செய்தது என்ன? ஒரு ராஜினாமாத் தாளில் கையெழுத்து வாங்கியது. சட்டம் வந்து ஏழு வருடம் கழித்து. அவ்வளவு வெறியிலும் அவர்களுக்குத் தாள் தேவைப்பட்டது. அடுத்த வருடத் தேர்தலில் அவர் செனட்டர் ஆனார்.

மெக்ஸிக்கோ இன்னும் நேரடியாகப் போனது. 2009-ல் அங்கே ஜெயித்த பெண் எம்.பி.க்கள் சிலர் வந்த வேகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், மாற்று ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகைகள் அந்தப் பெண்களை "ஹுவானித்தா" என்று கேலி பேசின. 2011-ல் தேர்தல் தீர்ப்பாயம் ஒரே போடு போட்டது: பெண் வேட்பாளரின் மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும். அவளை விரட்டினாலும் ஆணுக்கு இடம் கிடைக்காது என்றால் விரட்டி என்ன லாபம்?

நம்மிடம் மாற்று உறுப்பினர் கிடையாது. ஆனால் அக்கா கதையைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, அந்த இரண்டாவது கையெழுத்துதான் நம்ம ஊர் மாற்று உறுப்பினர். விரட்டக்கூட வேண்டாம், பேனாவை மூடி வைத்தால் போதும். பெண்ணுக்கு ஒதுக்கின ஊராட்சியில் துணைத் தலைவர் இத்தனை நாளைக்குள் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்றாவது விதி வேண்டும்.

வைகைக்கரையான்
நவம்பர் 27, காலை 9:20

முப்பது வருடம் கணக்குத் தணிக்கையில் இருந்தவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. இரட்டைக் கையெழுத்தை லேசாகத் தளர்த்தாதீர்கள். ஒரே கையெழுத்து என்றால் அந்தப் பைக் சாவியில் தொங்கும் பென் டிரைவ் ஒன்றே போதும், மொத்தக் கணக்கையும் வழித்துவிடலாம். கெடு விதிப்பது சரி, காரணம் எழுதச் சொல்வதும் சரி. எடுத்துவிடுவது என்பதற்கு மட்டும் நான் ஒப்ப மாட்டேன்.

கரிசல்காட்டுக்காரி
நவம்பர் 27, காலை 9:41

எடுக்கச் சொல்லவில்லை ஐயா. கெடு மட்டும்தான்.

மட்டுறுத்துநர்
நவம்பர் 27, காலை 11:00

முன்னாள்தலைவி எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முயன்ற இரண்டு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. மூன்றாவது வந்தால் கணக்கே நீக்கப்படும்.

சந்தேகராமன்
நவம்பர் 27, இரவு 8:12

அக்கா, கடைசியா ஒரு கேள்வி. இது சந்தேகம் இல்ல, அக்கறை. மறுபடி தேர்தல் வந்தா நிப்பீங்களா? அந்தத் தாள் என்ன ஆச்சு?

முன்னாள்தலைவி
நவம்பர் 27, இரவு 10:20

2025 ஜனவரி 5-ஓட பதவி முடிஞ்சுச்சு தம்பி. அதுக்கப்புறம் தனி அலுவலர் வந்துட்டார். தாள் இன்னும் அவங்க பீரோவுலதான் இருக்கு. கேட்டேன், எலி கடிச்சிருச்சுன்னாங்க.

நிக்கிறதைப் பத்தி வீட்ல பேச்சு எடுக்கல. ஆனா போன வாரம் அடகுக் கடையில கம்மலை மீட்டுட்டு வந்தேன். மண்டை உடைஞ்சு வந்தாளே, அவ பார்த்துட்டு, "டெபாசிட் கட்டறதுக்கு வேணும், போட்டுக் கழட்டாம வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனா.